பித்தளைக் கடைக்காரரின் நான்கு தாய்மொழிகள்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்கால். வரவுப் பதிவேட்டில் இருபத்து மூன்று பேர். இருபத்து நான்காவதாகத் தன் பெயரையும் சேர்க்கச் சொல்லி வாசலில் நின்றவர் புஷ்பராணி.

மொழிகளையும் பண்பாடுகளையும் ஒப்பிட்டுக் கற்பிக்கும் தொழில், மீன் வியாபாரிக்கு மீன்களின் பெயரைச் சொல்லிக் கொடுப்பதைப் போன்றது. வந்திருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும். அதற்குப் பரீட்சை உண்டு என்பதுதான் தெரியாது.

கண்டி நகரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், வெளிவாரிப் பட்டப்படிப்பின் முதலாம் ஆண்டினருக்கு இந்தப் பாடத்தை எடுக்கிறேன். வேலைக்குப் போகிறவர்களுக்கான வகுப்பு, ஞாயிறு மட்டும்தான். அதற்கு முன் இருபத்தாறு ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழில் செய்தி திருத்தினேன். விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் தூங்கியவர்களும், ஒரே பிழையை நாற்பது தாளில் நாற்பது தடவை வட்டமிட்டவர்களும் இதை வாசித்தால், அவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினேழு அடி

எங்கள் பாடநூல் வெளிநாட்டில் எழுதப்பட்டு இங்கே மொழிபெயர்க்கப்பட்டது. முதல் அத்தியாயத்தில் இரண்டு பக்கத்துக்கு நீளும் ஓர் அட்டவணை. இடப்பக்கம் பழக்கங்கள், மேலே மொழிகள். தமிழுக்கும் ஒரு நிரல் தந்திருக்கிறார்கள். 'விருந்தாளி விடைபெறும் முறை' என்பதற்கு நேரே, தமிழின் கட்டத்தில், 'கைகூப்பி வணங்கி விடைபெறுவர்' என்று இருந்தது.

வகுப்பில் இருந்த ஒருவரும் அப்படி யாரிடமும் விடைபெற்றதில்லை. அக்குறணையில் ஆசிரியையாக இருக்கும் ரிஸானா, தங்கள் வீட்டில் விருந்தாளியை வாகனம் வரை கொண்டுபோய் விட்டு, அது வளைவில் மறையும்வரை நிற்பார்கள் என்றார். புஷ்பராணி கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே ஒரு வீட்டுக்கு வந்தவரை லயம் எனும் வரிசைக் குடியிருப்பில் உள்ள எல்லா வீட்டாரும் சேர்ந்து பஸ் ஏற்றிவிடுவார்கள் என்றார். அப்படியென்றால் சொல்லை விட்டுவிட்டுத் தூரத்தை அளந்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.

அடுத்த வாரம் எல்லோரும் அளந்துகொண்டு வந்தார்கள். யாழ்ப்பாணத்தவரான குகன் கண்டியில் ஒரு வங்கியில் வேலை செய்கிறார். பிலிமத்தலாவையில் வாடகை அறை. ஊரில் இருக்கும் தாயாரைத் தொலைபேசியில் பிடித்து அளக்கச் சொல்லியிருந்தார். வீட்டு வாசலிலிருந்து வேலிப் படலைக் கதவுக்குப் பதினேழு அடி. போய்ச் சேர நாற்பத்தைந்து நிமிடம். பதினேழு அடிக்கு நாற்பத்தைந்து நிமிடமா என்று கேட்டேன்.

"ஓம் சேர். படலையடியில நிண்டு கதைக்கிறதுதான் விசிட். உள்ளுக்க இருந்தது சும்மா தேத்தண்ணி குடிக்க."

மூன்றாவது தடவை

அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப்போன பிறகு புஷ்பராணி மட்டும் மேசைக்கு முன்னால் நின்றார். வயது முப்பத்தாறு. பல்லேகலவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாகத் தரம் பார்க்கிற வேலை. தைத்து முடித்த சட்டையை உள்ளும் புறமும் புரட்டிப் பார்த்து, பிழை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இந்தப் பாடத்தை அவர் எடுப்பது மூன்றாவது தடவை. எழுத்துப் பரீட்சையில் முதல் ஆண்டே சித்தி பெற்றுவிட்டார். வெளிக்கள வேலைதான் இடித்தது. ஒரு வருடம் லீவு கிடைக்கவில்லை. அடுத்த வருடம், பேட்டி கொடுக்க ஒத்துக்கொண்ட பெண் பாதியிலேயே வேலையை விட்டுவிட்டுப் பதுளைக்குப் போய்விட்டார்.

எங்கள் நிறுவன விதிப்படி ஒரு பாடத்துக்கு மூன்று தடவைதான். மூன்றிலும் தவறினால் பதிவு இரத்து. தொழிற்சாலையின் நலன்புரிப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. யாழ்ப்பாணத்துப் பெண்களும் ஹட்டன் பெண்களும் மகியங்கனைப் பெண்களும் வந்து முறைப்பாடு சொல்லும் மேசை அது. புஷ்பராணிக்கு அதைத் தர முகாமையாளருக்கு விருப்பம். முதலாம் ஆண்டுச் சித்திச் சான்றிதழ் வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஜூன் முடியும்வரை அந்த இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கத் தேவையில்லை.

"போனா போகட்டும்ங்கிறாங்க சேர். போகட்டும்ங்கிறவங்க யாரும் காலையில நாலரைக்கு எந்திரிக்கிறதில்ல."

ஒரே முத்திரை

வெளிக்கள வேலை இதுதான். தன் தாய்மொழி அல்லாத வேறொரு தாய்மொழிக்காரரை மாணவர் தேடிப்போக வேண்டும். அவருக்குத் தகவலாளர் என்று பெயர். அவர் வீட்டில் விருந்தாளியை எப்படி வரவேற்பார்கள், ஓர் உதவியை எப்படிக் கேட்பார்கள், கேட்டதை எப்படி மறுப்பார்கள் என்று பத்துக் கேள்விகள். படிவத்தில் ஒவ்வொரு விடைக்கும் நாலு புள்ளியாக நாற்பது. பின்பக்கம் எழுதும் கட்டுரைக்கு அறுபது. மொத்தத்தில் நாற்பது எடுத்தால் சித்தி. படிவம் பாடநூலில் இருந்தபடியே. நான் பிரதி எடுத்தது மட்டும்தான்.

வந்து சேர்ந்த படிவக் கட்டை, வீட்டுக்குப் போகும் கம்பளை ரயிலில் பிரித்தேன். முதல் படிவம் குகனுடையது. தகவலாளர், பிலிமத்தலாவையில் பித்தளைச் சாமான் கடை வைத்திருக்கும் ஜிப்ரி. தாய்மொழி மலாய். கையொப்பம், கடையின் இறப்பர் முத்திரை, எல்லாம் ஒழுங்கு. நாலாவது படிவத்திலும் அதே ஜிப்ரி, அதே முத்திரை, தாய்மொழி அரபு. பேராதனையில் ரயில் நின்றபோது அவர் சிங்களவராகியிருந்தார். கம்பளையில் இறங்கும்போது எட்டுப் படிவம் சேர்ந்துவிட்டது. மலாய் மூன்று, அரபு இரண்டு, சிங்களம் இரண்டு, பிரெஞ்சு ஒன்று. பத்திரிகையில் இப்படியொருவர் எங்களுக்கும் இருந்தார். அவர் சொன்னதையெல்லாம் 'நம்பகமான வட்டாரங்கள் தெரிவித்தன' என்று போடுவோம்.

பிரெஞ்சுப் படிவத்தை எழுதியவர் கட்டுகஸ்தோட்டையிலிருந்து வரும் ஒரு மாணவி. பிரெஞ்சு வீட்டில் விருந்தாளி எப்படி நடந்துகொள்வார் என்ற கேள்விக்கு, 'வந்தவுடன் பொருள்களைக் கையில் தூக்கி எடை பார்ப்பார். பிடித்ததைப் பிடிக்காதது போலக் கீழே வைப்பார். கதவுவரை போய்விட்டு மூன்று தடவை திரும்பி வருவார்' என்று அழகாக எழுதியிருந்தார். ஜிப்ரி பிரெஞ்சுக்காரரைப் பார்த்தது சுற்றுலா பஸ்ஸிலிருந்து இறங்கித் தன் கடைக்குள் வரும்போது மட்டும்தான். இதை நம்பினீர்களா என்று மாணவியைத் தொலைபேசியில் கேட்டேன்.

"நம்பினேன் சேர். அவர் ரெண்டு நிமிஷம் கண்ண மூடி யோசிச்சித்தான் சொன்னாரு."

வெறும் படிவம்

ஒன்பதாவது ஜிப்ரி புஷ்பராணியின் தாளில் இருந்தார். முத்திரை உண்டு, கையொப்பம் உண்டு, விடைகள் இல்லை. பத்துக் கட்டமும் வெறுமை. தாய்மொழி என்ற இடத்தில், 'தெரியவில்லை. தமிழாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தது.

பின்பக்கத்தில் தொடங்கி இரண்டு தாள் ஒட்டிக் கட்டுரை. பௌர்ணமி விடுமுறைக்குத் தொழிற்சாலை மூடியிருந்த ஒரு போயா நாளில், காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை கடையில் இருந்திருக்கிறார். காலையில் பத்துக் கேள்வியும் கேட்டு விடை வாங்கியாயிற்று. சட்டையைப் புரட்டிப் பார்க்கிற பழக்கம் விடவில்லை. தேநீருக்குப் பிறகு அதே கேள்விகளைத் தலைகீழாக்கிக் கேட்டார். விருந்தாளியை உட்கார வைத்த பிறகுதானே வந்த காரணம் கேட்பீர்கள் என்று காலையில் கேட்டதற்கு ஆம். காரணம் கேட்ட பிறகுதானே உட்கார வைப்பீர்கள் என்று மாலையில் கேட்டதற்கும் ஆம். பத்தில் பத்தும் அப்படியே. எழுதியிருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, படிவத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலில் அமர்ந்து அந்த மனிதரைப் பார்க்கத் தொடங்கினார்.

அன்று முழுவதும் ஜிப்ரியிடம் ஆட்கள் முப்பத்தொரு தடவை ஏதாவது கேட்டார்கள். குத்துவிளக்குக்கு மேல்தட்டு, வான் நிறுத்த இடம், விலைக் குறைப்பு, கோயில் மணிக்கு நாக்கு. ஒரு தடவைகூட அவர் இல்லை என்று சொல்லவில்லை. கேட்டது கிடைத்தது பத்தொன்பது பேருக்கு. மீதிப் பன்னிரண்டு பேரும் கிடைக்காமலே சந்தோஷமாகப் போனார்கள். அது எப்படி என்பதுதான் கட்டுரை. தேநீர் வரவழைத்தார். கேட்ட பொருளைப் பற்றிப் பேசாமல் பக்கத்தில் இருந்த பொருளைத் துணியால் துடைத்தார். தெருவுக்கு அந்தப் பக்கத்துக் கடைக்காரரைப் புகழ்ந்தார். 'இன்ஷா அல்லாஹ்' என்று சொன்ன நாலு காரியமும் அன்றே நடந்தன. 'கட்டாயம்' என்று சொன்ன ஐந்தில் ஒன்றும் நடக்கவில்லை. கடைசி வரி இப்படி முடிந்தது: 'எங்கள் தொழிற்சாலையில் இல்லை என்று சொல்ல ஒரே ஒரு வழிதான் உண்டு. அது சிவப்பு நிறம்.'

இரண்டு தரம் வாசித்தேன். படிவத்துக்குப் பூச்சியம். கட்டுரைக்கு அறுபதில் நாற்பத்து நாலு. அவருக்கு அது போதும், ஆனால் அது என் புள்ளி மட்டும்தான். எதற்கும் இருக்கட்டும் என்று அவருக்குத் தொலைபேசி எடுத்து, காலையில் கிடைத்த விடைகளை அழிக்காமல் விட்டிருந்தால் நாற்பது புள்ளி சும்மாவே கிடைத்திருக்குமே என்றேன்.

"சந்தேகமான துணிய நாங்க வெளியில விடுறதில்ல சேர். யாராவது அத உடுத்துவாங்க."

எட்டுப் பேர்

அடுத்த ஞாயிறு, எட்டுப் பேரும் வேறு தகவலாளரைத் தேடி மறுபடி செய்ய வேண்டும் என்று அறிவித்தேன். தேடித்தந்த புண்ணியவான் குகன் என்பது அப்போதுதான் தெரிந்தது. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவர் போட்டிருந்த செய்தியை ரிஸானா எனக்குக் காட்டினார். 'பிலிமத்தலாவையில் ஜிப்ரி நானா. எதைக் கேட்டாலும் விடை சொல்வார். தேத்தண்ணியும் தருவார்.'

"அவர் சொன்னதைத்தான் சேர் எழுதினனான்," என்றார் குகன். "பொய்யெண்டால் அது அவற்ற பொய். எங்கட இல்லை." பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். மறுபடி செய்வதென்றால் மறுபடி லீவு எடுக்க வேண்டும். யாரால் வந்த வினை என்று எல்லோரும் ஒரே திசையில் பார்த்தார்கள். நான் சொல்லாமலே விஷயம் வெளியே போயிருந்தது. ஜிப்ரியிடம் போன ஒன்பதாவது ஆள் யார் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

"நாங்கள் எல்லாரும் நிரப்பிக் குடுத்தாச்சு," என்றார் குகன், திரும்பாமலே. "அக்கா மட்டும் தையலைப் பிரிச்சுப் பாத்தவ."

புஷ்பராணி கொப்பியில் திகதி எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்த பிறகுதான் வாய் திறந்தார்.

"என் தையலத்தான் தம்பி பிரிச்சேன். ஒங்களோடது சேர் கையில பிரிஞ்சிச்சி."

பதின்மூன்று புள்ளி

எல்லாத் தாள்களையும் இரண்டாவதாகத் திருத்துபவர் பாடநெறி ஒருங்கிணைப்பாளர் சாந்தினி. யாழ்ப்பாணத்தில் பிறந்து பேராதனையில் படித்தவர். நீதியானவர்; ஆனால் நீதி விதிப் புத்தகத்தில் இருக்கிறது என்று நம்புகிறவர். புஷ்பராணிக்கு அவர் போட்டது முப்பத்தொன்று. எனக்கும் அவருக்கும் இடையில் பதின்மூன்று புள்ளி வித்தியாசம். பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் இருவரும் உட்கார்ந்து பேசி ஒரே முடிவுக்கு வர வேண்டும். வராவிட்டால் குறைந்த புள்ளியே நிற்கும். அதாவது புஷ்பராணி நின்றுவிடுவார்.

உட்கார்ந்து பேசினோம். அவருடைய கேள்விகள் மூன்றும் கூர்மையானவை. தகவலாளரின் தாய்மொழி தமிழாக இருக்கலாம் என்று மாணவியே எழுதுகிறார். அப்படியென்றால் முதல் நிபந்தனையே உடைகிறது. படிவம் வெறுமை, ஆதாரம் எங்கே? முப்பத்தொன்று, பத்தொன்பது, பன்னிரண்டு என்ற கணக்குக்கு யார் சாட்சி? ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வீட்டுக்குப் போயும் இதை எழுதலாமே? இருபத்தாறு வருடம் இதே கேள்விகளை நிருபர்களிடம் கேட்டவன் நான். கட்டுரை நன்றாக இருக்கிறது என்றேன். அது விடை இல்லை என்பது எனக்கும் தெரியும்.

அவர் பேனாவை மூடினார்.

"வெறுந் தாளுக்குப் புள்ளி போடத் தொடங்கினால், வாற வருசம் எல்லாரும் சந்தேகப்பட்டுப்போட்டுச் சும்மா இருப்பினம். அந்த மனுசனை நான் ஒருக்காப் பாக்கவேணும்."

கடையில் நாலு வேண்டுகோள்

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பிலிமத்தலாவையில் பஸ்ஸிலிருந்து இறங்கினோம். சாந்தினியின் கையில் கைப்பிடி விட்ட ஒரு பித்தளைத் தாம்பாளம். அறுபது வயதிருக்கும் ஜிப்ரி எங்களைக் கண்டதும் இரண்டு கதிரைகளைத் துடைத்துப் போட்டார். யார், எங்கிருந்து என்று கேட்கவில்லை. நாங்கள் வாய் திறப்பதற்கு முன் தேநீர் வந்துவிட்டது.

சாந்தினி தாம்பாளத்தை நீட்டினார். இன்று நாங்கள் புறப்படுவதற்குள் இதன் கைப்பிடியைப் பற்றவைத்துத் தருவீர்களா? "கட்டாயம் மிஸ்." தாம்பாளம் ஒரு தட்டில் ஏறியது, அங்கேயே இருந்தது. தெருச் சத்தமாக இருக்கிறதே, உள்ளே போய்ப் பேசலாமா? "அதுக்கென்ன மிஸ், பேசுவமே." யாரும் எழும்பவில்லை. பிறகு நாங்கள் யார் என்பதைச் சொல்லி, உங்கள் தாய்மொழி எது என்று ஒரு கடிதம் எழுதித் தருவீர்களா என்று கேட்டார். ஜிப்ரி உடனே ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் புரட்டி, பின்பக்கம் வெறுமையாக இருந்த தாளை எடுத்தார்.

"தாரேன் மிஸ். மிஸ்ஸுக்கு எது தேவ?"

சாந்தினி என்னைப் பார்த்தார். தாள் வெறுமையாகவே மேசையில் கிடந்தது. ஏன் ஆளுக்கொரு தாய்மொழி சொன்னீர்கள் என்று நான்தான் கேட்டேன். ஜிப்ரிக்கு வெட்கமில்லை, வருத்தம் இருந்தது. "மொதல்ல வந்த தம்பிக்கிட்ட தமிழ்ண்டுதான் சொன்னேன் சேர். தம்பிட மொகம் விழுந்து போச்சி. வேற ஏதும் இல்லையாண்டு கேட்டிச்சி. வெயில்ல வந்திருக்கிற புள்ள. எப்படித் திருப்பி அனுப்புற? பக்கத்து வீட்டுல மலாய்க் குடும்பம் ஒண்டு இருந்திச்சி, அவங்கட பழக்கம் கொஞ்சம் தெரியும். மலாய்ண்டு வெச்சேன். பொறகு வந்த புள்ளைகளுக்கும் ஆளுக்கொண்ணு வேணும் தானே." குகனிடம் இதைப்பற்றி இன்றுவரை நான் கேட்கவில்லை.

நாலாவதாக, இனிமேல் மாணவர்கள் வந்தால் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றார் சாந்தினி. "கட்டாயம் மிஸ்." அத்தோடு ஜிப்ரி தானாகவே தொடர்ந்தார். "மத்தப் புள்ளைங்க வந்து அரை மணித்தியாலத்துல போய்டும். ஒரு மகள் வந்திச்சி, போயாக்கு. அந்த ஸ்டூல்லதான், கடை சாத்தும்வரைக்கும். நான் வாயத் தொறந்தா ஒரு கோடு கீறும். இன்கம் டெக்ஸ் ஆளுண்டு நெனச்சி, பின்னேரம் வரைக்கும் எனக்குச் சோறு எறங்கல்ல." அந்தப் பெண்ணின் விஷயமாகத்தான் வந்திருக்கிறோம், அவருடைய படிப்பே இதில்தான் தொங்குகிறது என்றேன். சொல்லியிருக்கக்கூடாது. அவர் கதிரையை எங்களுக்கு அருகே இழுத்துப்போட்டார்.

"அந்தப் புள்ள பாஸாகணுமா மிஸ்? அப்ப நான் என்ன சொல்லணும்?"

பேராதனைச் சந்தி

திரும்புவதற்குப் பஸ் ஏறினோம். ஜிப்ரியின் கடைசிக் கேள்வியோடு எல்லாம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். எதைக் கேட்டாலும் ஆம் என்று சொல்லும் மனிதரைச் சாட்சியாக யார் எடுப்பார்? சாந்தினி மடியில் கைப்பையைத் திறந்து ஒரு துண்டுத் தாளை எடுத்தார். அதில் நாலு கோடு கீறியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், கிடைக்கவில்லை என்பதற்கு, ஒரு சிறு புள்ளடிக் குறி.

"நாலு விசயம் கேட்டனான்," என்றார் பேராதனைச் சந்தியில் பஸ் நின்றபோது. "ஒண்டுக்கும் இல்லையெண்டு சொல்லேல்லை. ஒண்டும் கிடைக்கவுமில்லை. எனக்குக் கோபமும் வரேல்லை. அந்தப் பிள்ளை எழுதினதை நான் திரும்பச் செய்து பாத்திருக்கிறன். அதே விடைதான் வருது." தாம்பாளம் எங்கே என்று கேட்டேன். அது கடையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை கட்டாயம் கிடைக்குமாம்.

ஆனால் அந்தப் பெண் நாள் முழுக்க இருந்ததற்குச் சாட்சி அவர் வார்த்தைதானே, அதை எப்படி எடுப்பது என்று நானே எதிர்க்கட்சி ஆனேன். செய்தி ஆசிரியர் புத்தி ஓய்வு பெறுவதில்லை. சாந்தினி துண்டுத் தாளை நாலாக மடித்தார். நாற்பத்திரண்டு போடுகிறேன், நீங்களும் இரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"நாங்கள் கேட்டுச் சொன்னது ஒண்டையும் எடுக்கேலாது. இன்கம் டெக்ஸ் கதை நாங்கள் கேக்காமல் வந்தது. அதை நம்பலாம்."

மறுபடி

எட்டுப் பேருக்கும் மூன்று வாரம் கொடுத்தோம். ஏழு பேர் சமாளித்துவிட்டார்கள். குகனுக்கு வங்கியில் அரையாண்டுக் கணக்கு, லீவு இல்லை. ஆள் கிடைக்காமல் அலைந்தவருக்குக் கடைசியில் தகவலாளரைப் பிடித்துத் தந்தவர் புஷ்பராணி. தன்னோடு தரம் பார்க்கும் மேசையில் இருக்கும் மகியங்கனைப் பெண், பெயர் குமாரி, தாய்மொழி சிங்களம். தொழிற்சாலை வாசலில், சாப்பாட்டு நேரத்தில், இருபது நிமிடம்.

படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தபோது குகனின் முகத்தில் வியர்வை. கட்டங்களில் ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் இல்லை. இது போதுமா என்று என்னைக் கேட்கவில்லை. பின்வரிசைக்குத் திரும்பிப் புஷ்பராணியைத்தான் கேட்டார்.

"அக்கா, அந்த மனுசி எல்லாத்துக்கும் இல்லையெண்டுதான் சொல்லுறா. இதையும் திருப்பிக் கேக்கவேணுமோ?"

இருபத்தாறு வருடம் செய்தி மேசையில் இருந்து நான் கற்காத ஒன்றைச் சட்டைக் கைகளைப் புரட்டிப் பார்க்கும் ஒருவரிடம் கற்றேன் என்பதை என் பழைய பத்திரிகைக்கு இன்னும் அறிவிக்கவில்லை, அவர்கள் திருத்தம் போட வேண்டி வந்துவிடும்.

பெறுபேறு ஜூன் மாதக் கடைசியில் வந்தது. ஜூலை முதலாந் திகதி, திங்கட்கிழமை, புஷ்பராணி தொழிற்சாலையின் நலன்புரிப் பிரிவில் கடமை ஏற்றார்.